எடைக்குப் போன பாத்திரங்களும் என் ஓவியங்களும்

எங்கள் கடையில் பித்தளைக்கு எடைதான் விலை. வளைவு நன்றாக இருக்கிறதா, விளிம்பில் வேலைப்பாடு உண்டா, யார் வீட்டுச் சீர் என்பதெல்லாம் கணக்கில் வராது. தராசில் ஏறிவிட்டால் தவலையும் கிலோ கணக்கு, சொம்பும் கிலோ கணக்கு. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. இன்றைக்கு நான் ஸ்டில் லைஃப் ஓவியன். பானை, சொம்பு, கத்திரிக்காய், வெங்காயம் வரைந்து பிழைக்கிறேன். இந்த வழிக்கு வர நினைக்கும் பிள்ளைகள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாக, நான் எங்கிருந்து வந்தேன், யாரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டேன், வேலையில் என்ன உதவியது என்று எழுதி வைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைக்கு வந்தவர்களில் பலர் பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்துப் போக வந்தவர்கள். எவர்சில்வருக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், தூக்கினால் கனக்காது. அவர்களை என்ன குறை சொல்வது? பாட்டி காலத்து அண்டா, ஜோடுதவலை, கூஜா, கும்பா, அடுக்கு எல்லாம் கோணிப்பையில் வந்து இறங்கும். அப்பா எடை போட்டு, அழுக்குக்கும் ஈயப்பற்றுக்கும் கழிவு பிடித்து, மிச்சத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுப்பார். பழையது கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்து, பிறகு பட்டறைக்கு உருக்கப் போகும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

அந்தப் பாத்திரங்களில் பெயர் இருக்கும். கல்யாணச் சீருக்கு வாங்கும்போது பெண்ணின் பெயரை, சில சமயம் தேதியோடு, வெட்டித் தருவது வழக்கம். எங்கள் கடை வாசலில் ஒரு பெரியவர் அந்த வேலைக்கென்றே இருந்தார். பாத்திரத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலால் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போவார். புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும். ‘ழ’ வந்தால் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, விரல் நகத்தால் ஒருமுறை சுழித்துப் பார்த்துக்கொள்வார். முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ள மாட்டார். உருண்டையான வயிற்றில் எழுத்துகளை நேர்கோட்டில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நான் தூரிகை பிடித்த பிறகுதான் தெரிந்தது.

வரைவதற்கான ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தப் பெயர்களைத்தான் சொல்வேன். உருக்கப் போகும் தவலையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அவள் யார், இருக்கிறாளா, எதற்காக விற்றார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தப் பெயரோடு தவலையையும் சேர்த்து வரைந்து வைத்துக்கொள்வேன்.

அப்புறம் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி. முதல் வருடத்தில் எல்லோருக்கும் ஸ்டில் லைஃப் உண்டு. மடித்துத் தொங்கவிட்ட ஒரு துணி, மண்பானை, கண்ணாடிப் பாட்டில், இரண்டு பழம். அது ஒரு பயிற்சி, முடித்துவிட்டு மனித உருவத்துக்கும் நவீனத்துக்கும் போய்விட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இந்த எண்ணம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் ஓவிய அகாதமி வகுத்த வரிசையில் வரலாறும் புராணமும் வரைபவர் உச்சியில், பாத்திரமும் பழமும் வரைபவர் அடியில். நானூறு வருடத்துக்குப் பக்கமாகியும் அந்தப் படிக்கட்டு கல்லூரி வராந்தாக்களில் அப்படியே இருக்கிறது.

அந்த அடிப்படியில் உட்கார்ந்துகொண்டே எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஷார்தேன். 1699-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா தச்சர், பில்லியர்ட்ஸ் மேசை செய்பவர். இந்த ஒரு தகவலே எனக்குப் போதுமானதாக இருந்தது: பொருள் செய்கிற வீட்டிலிருந்து வந்த ஆள். 1728-இல் அவரை அகாதமியில் சேர்த்துக்கொண்டபோது, விலங்குகளும் பழங்களும் வரைவதில் திறமையுள்ளவர் என்றே பதிந்தார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய செம்புத் தண்ணீர்த் தொட்டி ஓவியம் ஏறக்குறைய ஏ4 தாள் அளவுதான் இருக்கும். நூலகத்தில் அதன் அச்சுப்பிரதியைப் பார்த்தபோது நான் தேடியது ஒன்றே ஒன்று: அந்தச் செம்பு எத்தனை கிலோ வரும்? பார்த்தவுடன் எடை தெரிந்தது. கடையில் வளர்ந்தவனின் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் அது நல்ல சோதனை என்று இப்போதும் நம்புகிறேன். வரைந்த பாத்திரத்தைப் பார்த்தால் தூக்க எவ்வளவு கனக்கும் என்று கை சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயமும் அவரிடம் பிடித்தது. முதல் மனைவி இறந்த பிறகு, 1737-இல் அவர் வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எடுத்தார்கள். ஓவியங்களில் வரும் பொருள்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் புழங்கியதையே வரைந்திருக்கிறார். கடையில் போய் ‘ஓவியத்துக்கு ஏற்ற’ சாமான் வாங்கவில்லை. நானும் அப்படியே செய்ய ஆரம்பித்தேன். கல்லூரியில் வைத்திருந்த பிளாஸ்டர் தலைகளை விட்டுவிட்டு, கடைப் பின்புறத்திலிருந்து ஒரு சொம்பு, ஒரு கூஜா, பெயர் வெட்டிய ஒரு சின்னத் தவலை மூன்றையும் தனியே எடுத்து வைத்தேன். எடை போட்டு அப்பா என் கணக்கில் எழுதிக்கொண்டார். சும்மா தரவில்லை.

இனி வேலை.

சொம்பு வரைவது சுலபம் என்று நினைப்பவர்கள் முதலில் விழும் இடம் வாய். வாயும் கழுத்தும் வயிறும் அடியும் எல்லாமே நீள்வட்டங்கள். கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டம் சப்பையாகத் தெரியும். கீழே போகப் போக வட்டம் திறந்துகொண்டே வரும். வாய் அகலமாகத் திறந்திருக்க, அடி தட்டையான கோடாக இருந்தால் அந்தச் சொம்பு எந்தத் தரையிலும் நிற்காது. நீள்வட்டத்தின் இரு முனைகளும் எப்போதும் வளைந்தே திரும்ப வேண்டும், கூராக முடியக் கூடாது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் அளந்து வரையுங்கள். பிறகு கோட்டுச் சித்திரத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று கண்ணாடி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் நசுங்கல். புழங்கிய பாத்திரம் ஒன்றுகூட முழு வட்டமாக இருக்காது. கிணற்றடியில் இடித்த இடம், விழுந்த இடம் எல்லாம் இருக்கும். வரையும் முன் கண்ணை மூடிக்கொண்டு பாத்திரத்தை ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் பள்ளம் விரலுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில்தான் வெளிச்சம் உடைந்து திரும்பும்.

நிறத்துக்கு வருவோம். பித்தளை வரையத் தங்க நிறப் பெயின்ட் வாங்காதீர்கள். எல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் கேட்மியம் யெல்லோ, அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் ஒயிட். இவ்வளவு போதும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். அதன் இருட்டுப் பகுதியைப் பழுப்பு என்று நினைத்துப் பூசுகிறோம். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ஒரு பச்சை ஓடும். ரா அம்பரில் நீலம் துளி சேர்த்தால் கிடைத்துவிடும். வெண்கலத்தில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம்; அதன் இருட்டு இன்னும் சூடாக, செம்மண் பக்கம் சாயும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வரைவது நல்ல பயிற்சி.

மினுங்கும் புள்ளி விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பித்தளையும் செம்பும் தங்கள் நிறத்திலேயே மினுங்கும். பித்தளையின் பளிச்சென்ற இடம் வெளிர் மஞ்சள். கத்திரிக்காய் அப்படி இல்லை. அதன் தோல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். ஊதாக் காய் மேல் விழும் மினுக்கம் ஊதாவாக இருக்காது. சன்னலுக்கு வெளியே வானம் என்ன நிறமோ அந்த வெளிர் நீலம். இரண்டுக்கும் ஒரே வெள்ளையைத் தொட்டு வைத்தால் பித்தளை பிளாஸ்டிக்காகிவிடும். ஒரே சட்டத்தில் சொம்பும் கத்திரிக்காயும் வைத்து இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பாத்திரத்தின் உட்பக்கம்தான் என் செல்லம். பித்தளையில் புளிப்புச் சமைத்தால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் பூசுவார்கள். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தால் வேடிக்கை பார்க்க ஓடுவோம். துருத்தி வைத்துப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவுவார்; குப்பென்று வெள்ளைப் புகை. வெள்ளீயத்தை ஒரு தொடு தொட்டுத் துணியால் ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளே முழுக்க வெள்ளி பூத்துவிடும். அதனால் பழைய தவலையை மேலிருந்து பார்த்தால், மஞ்சள் விளிம்புக்கு உள்ளே குளிர்ந்த சாம்பல் இருக்கும். தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் மஞ்சள் மறுபடி எட்டிப் பார்க்கும். இரண்டு அங்குல இடத்துக்குள் சூடும் குளிரும் இப்படிச் சந்திப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வெளிச்சம் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்வது எல்லாம் வடக்கு சன்னல். வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் நாள் முழுக்க மாறாது, நேர் வெயில் விழாது என்பார்கள். எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரம் தொடங்கி செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதித்து, மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறைகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிப் பொழுதிலும் வடக்குப் பக்கம்தான். ஆகவே சித்திரை வைகாசியில் காலையும் மாலையும் வடக்கு சன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வந்து, போட்டு வைத்த நிழலையெல்லாம் கலைத்துவிடும். சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக இழுத்துக் கட்டுங்கள். டிரேசிங் தாளும் ஆகும். மழைக்காலத்துக்கு விளக்கு வைப்பதென்றால் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எல்இடியில் பித்தளை நோயாளி போல இருக்கும்.

எனக்கு நிம்மதி கொடுத்தது சன்னலே இல்லை, முற்றம். எங்கள் ஓட்டு வீட்டில் முற்றத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாத்திரத்தை வைத்துப் பார்த்தபோது, டச்சு, பிரெஞ்சு ஓவியங்களில் பார்த்த எந்த வெளிச்சமும் அது இல்லை. அவர்களுக்கு வெளிச்சம் இடது பக்கச் சன்னலிலிருந்து படுத்து வரும். மேசை மேல் நிழல் நீளும். எங்களுக்கு மேலிருந்து இறங்கும். குடத்தின் தோள் வானத்தை வாங்கிக்கொள்ளும், வயிற்றுக்குக் கீழே சட்டென்று இருட்டும், நிழல் பாத்திரத்தின் அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் அந்த இருட்டு முழு இருட்டும் கிடையாது. தரை சிவப்பு என்பதால் குடத்தின் அடிவயிற்றில் ஒரு செந்நிறம் ஏறியிருக்கும். இதைக் கண்டுகொண்ட பிறகு என் படங்கள் வேறு மாதிரி ஆயின. மேசையை விட்டுப் பாத்திரங்களைத் தரையில் இறக்கினேன். நம் வீடுகளில் பாத்திரம் தரையில்தானே இருந்தது! நானும் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து வரைகிறேன். முதுகு வலிக்கும், உண்மைதான்.

இதே கல்லூரியில் படித்த எஸ். இளையராஜாவின் ஓவியங்கள் பத்திரிகைகளில் வந்தபோது, நம் ஊர்ப் பெண்களின் மேல் விழும் வெளிச்சத்தை இவ்வளவு பொறுமையாக ஒருவர் பார்த்திருக்கிறாரே என்று இருந்தது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. நாற்பத்திரண்டு வயது. அவர் வரைந்தது மனிதர்களை. நான் வரைவது மனிதர்கள் எழுந்து போன இடத்தை. ஆனால் வெளிச்சம் ஒரே ஊருடையது.

பளபளக்கும் பாத்திரத்தில் வரைபவரும் தெரிவார். கூஜாவில் என் முகம், படம் மாட்டும் ஈசல் சட்டம், கட்டியிருக்கும் கைலி எல்லாம் சுருங்கித் தெரியும். பலர் இதை மறைக்கப் பார்ப்பார்கள். ஆன்ட்வெர்ப்பில் வேலை செய்த கிளாரா பீட்டர்ஸ் 1611-இல் வரைந்த ஒரு படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தங்கப்பூச்சு மின்னும் ஒரு கிண்ணத்தின் புடைப்புகளில் தன்னையே வரைந்து வைத்திருக்கிறார், அணுவளவாக. பெண்கள் ஆடையில்லா மனித உடலைப் பார்த்து வரைந்து பயில வழியில்லாத காலம். பாத்திரமும் பூவும் மீனும்தான் அவர்களுக்கு விட்டுவைத்த இடம். அதற்குள் நுழைந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிராடோ ஒரு பெண் ஓவியருக்கென்று முதன்முதலாகத் தனிக் கண்காட்சி வைத்தது 2016-இல்தான், அதுவும் இவருக்குத்தான். அதைப் படித்த பிறகு நான் என் நிழலுருவத்தை அழிப்பதில்லை. தலை இருக்கும் இடத்தில் மூன்று தூரிகைத் தொடல், அவ்வளவே. விவரம் கூட்டினால் கார்ட்டூனாகிவிடும்.

எதை முதலில் வரைவது என்பதற்கு என் வரிசை: சீக்கிரம் கெடுவது முதலில். வெற்றிலை மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் சுருளும். வாழைப்பூவை உரித்தவுடன் கறுக்க ஆரம்பிக்கும். கத்திரிக்காய்க்கு மறுநாள் மினுக்கம் போய்விடும், காம்பு வளைந்துகொள்ளும். இவற்றைப் போட்டு முடித்துவிட்டுப் பாத்திரத்துக்கு வாருங்கள், அது எங்கேயும் போகாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சின்ன வெங்காயம், உரித்த தேங்காய், சேப்பங்கிழங்கு, மண்சட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் நிம்மதி. பிரெஞ்சு ஓவியர் செசானே மிக மெதுவாக வரைபவர், பூக்கள் வாடிவிடுகின்றன என்று காகிதப் பூ வைத்துக்கொண்டார். பழங்களுக்கு அடியில் காசு சொருகி, வேண்டிய கோணத்துக்குச் சாய்த்து நிறுத்தினாராம். அந்த வித்தையை நான் தினமும் செய்கிறேன். மாம்பழத்துக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் சரியாக இருக்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் எண்ணெய் வண்ணம் காயவே காயாது. அப்போது அடிப்பூச்சை ரா அம்பரில் மெல்லியதாகப் போட்டுவிடுங்கள், அது மற்றவற்றைவிடச் சீக்கிரம் காயும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம், அடியில் கூடவே கூடாது. கூடினால் பின்னால் வெடிப்பு விடும். கேன்வாஸைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

வீட்டில் எனக்கு இருந்த பெரிய பிரச்சினை அம்மாவின் வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலம் வரை காப்பிப் பழுப்பில் பாதி வரைந்து வைத்திருந்த குடம், மறுநாள் காலையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எலுமிச்சை மஞ்சளில் நிற்கும். “கறுத்த பாத்திரம் கண்ணெதிரே இருந்தா வீட்டுல லட்சுமி தங்க மாட்டாடா” என்பார். வாதம் செய்து பயனில்லை. இத்தாலிய ஓவியர் மொராண்டியைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது. 1890-இல் பொலோன்யாவில் பிறந்து, 1964-இல் அங்கேயே இறந்த மனிதர். ஃபொந்தாஸா தெருவில், சகோதரிகள் மூன்று பேரோடு வாழ்ந்த வீட்டில், படுக்கையறையையே பட்டறையாக வைத்துக்கொண்டு, அதே பாட்டில்களையும் குவளைகளையும் வாழ்நாள் முழுக்க வரைந்தார். லேபிளைக் கிழித்துவிடுவார், பாட்டிலின் மினுக்கம் பிடிக்காமல் பெயின்ட் பூசிவிடுவார், மேலே படியும் தூசியைத் துடைக்க விடமாட்டார். அந்தச் சகோதரிகள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ! கடைசியில் அம்மாவும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வரையும் பாத்திரங்கள் பரணில். பரணுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது.

விற்பது தனிக் கதை. ஒரு கேலரியில் ‘சமையல்கட்டுச் சாமான் சுவருக்கு எதற்கு’ என்று கேட்டே திருப்பி அனுப்பினார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வாங்க வந்தவர், குடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வைத்துத் தர முடியுமா என்றார். பெரும்பாலானவர்கள் சதுர அங்குலத்துக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அப்பாவுக்குக் கிலோ, எனக்குச் சதுர அங்குலம். நான் அதற்கு ஒத்துக்கொண்டுதான் விலை சொல்கிறேன், கூச்சப்படவில்லை. வாங்க வருகிறவருக்கு ஒரு கணக்கு பிடிபட்டால்தான் பேரம் நகரும். ஆனால் சின்னப் படத்துக்கு அங்குலக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். ஏ4 அளவில் ஒரு சொம்பை நிறுத்துவது மூன்றடிக் கேன்வாஸைவிட லேசான வேலை கிடையாது.

பெயர் வெட்டிய பாத்திரம் வரும் படங்களைத்தான் மக்கள் அதிக நேரம் நின்று பார்க்கிறார்கள். கிட்டே வந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். ஒரு அம்மா பார்த்துவிட்டு, தன் மாமியார் வீட்டில் போட்ட அண்டாவைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, படத்தை வாங்காமலே போனார். எனக்கு அது விற்ற மாதிரிதான். எழுத்துகளை நான் முழுசாக வரைவதில்லை. வளைவில் திரும்பும் கடைசி இரண்டு எழுத்தை நிழலில் விட்டுவிடுவேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக வைக்காமல், வெளிச்சம் படும் பக்கம் மட்டும் நுனித் தூரிகையால் தொட்டால் போதும். பள்ளம் தானாக வரும்.

பாத்திரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ‘ஆன்டிக்’ என்று பலகை போட்ட கடைக்குப் போகாதீர்கள், விலை கட்டுப்படியாகாது. உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில், மாற்றுக்கு வந்த பழசு எப்போது உருக்கப் போகிறது என்று விசாரித்து, அதற்கு முந்தைய நாள் போங்கள். பழைய பித்தளை விலைக்கு மேல் கிலோவுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள். பற்றவைத்தது, நசுங்கியது, மூடி தொலைந்தது எல்லாவற்றையும் எடுங்கள். பாலீஷ் போட்டுத் தரட்டுமா என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஈயப்பூச்சு பாதி போயிருந்தால் இன்னும் நல்லது, இரண்டு நிறமும் கிடைக்கும். அதில் ரசம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.